உங்கள் பெயருக்குப் பின்னால்

இன்று காலையில் வார்னிஷ் வாசம் மாடிப்படி ஏறி வந்துவிட்டது. கீழே நம் மகள் கோமு கடையைத் திறந்து, நேற்று சுற்றி முடித்த மோட்டாரை வார்னிஷில் முக்கி, பல்பு எரியும் தகரப் பெட்டிக்குள் காய வைத்திருக்கிறாள். நான் அடுப்பில் இட்லிச் சட்டியை ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்த வாசம் வந்ததும் கை தன்னால் இரண்டாவது தம்ளரை எடுத்துவிட்டது. உங்கள் காப்பித் தம்ளர். எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்ப வைக்க மனமில்லாமல் அதிலேயே ஊற்றி நான் குடித்தேன்.

வாசம் என்று இப்போது சொல்கிறேன். கல்யாணமாகி இந்த இராஜபாளையத்துக்கு வந்த புதிதில் நாற்றம் என்றுதான் சொன்னேன். "என் சேலையெல்லாம் நாறுது, பள்ளிக்கூடத்துல பிள்ளைக மூக்கப் பொத்துது" என்று புலம்பினேன். நீங்கள் சிரித்தீர்கள். "நாத்தம்னு சொல்லாதீங்க டீச்சர். நம்ம வீட்டுல சோறு வேகுற வாசம் அது." கட்டின பொண்டாட்டியை டீச்சர் என்றும் வாங்க, போங்க என்றும் கூப்பிட்ட ஆள் உங்கள் செட்டியார்பட்டியிலேயே நீங்கள் ஒருவர்தான். உங்கள் அம்மா அதைக் கேட்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

மேசைமேல் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடக்கிறது. அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பிரதி. பிழை பார்த்து மத்தியானத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆமாம், நம் கோமுவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை என் ஊர், ஸ்ரீவில்லிபுத்தூர். வத்திராயிருப்பில் ஒரு பேங்கில் வேலை. சொந்தத்தில் சொல்லி வந்த இடம்தான். நல்ல பையன். ஆனால் பத்திரிகையில் போட வேண்டிய ஒரு வார்த்தையால் இந்தக் கல்யாணம் போன வாரம் நின்றுபோகப் பார்த்தது. அதை உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்ல? கல்யாணப் பத்திரிகையை வைத்து ஊரைக் கூட்டிய அனுபவம் நம் வீட்டில் உங்களுக்குத்தான் உண்டு.

நம் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் நான் சொன்னால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், கேளுங்கள்.

எனக்கு அப்போது வயது ஏறிக்கொண்டிருந்தது. எம்.எஸ்ஸி. இயற்பியல், அதற்கு மேல் பி.எட். வேறு. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, பெண்ணைப் படிக்க வைத்துவிட்டோம் என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தேட ஆரம்பித்ததும் மீசை இறங்கிவிட்டது. பெண் எவ்வளவு படித்திருக்கிறாளோ அதற்கு ஒரு படியாவது மேலே மாப்பிள்ளை படித்திருக்க வேண்டும் என்பது எங்கள் சொந்தத்தில் எழுதாத சட்டம். எனக்கு மேலே படித்தவன் வீட்டில் கேட்டதை எங்களால் கொடுக்க முடியவில்லை. எனக்குக் கீழே படித்தவன் வீட்டில் "பொண்ணு நம்ம பையன மதிக்க மாட்டா" என்றார்கள். நான் பாட்டுக்கு ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டு, பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா கூமாப்பட்டிக்கு ஒரு பங்காளி தோட்டத்துக்குப் போயிருந்தார். நீங்கள் அங்கே கிணற்று மோட்டாரை மாட்ட வந்திருந்தீர்கள். மோட்டார் ஓடியதா, தண்ணீர் கொட்டியதா என்பதையெல்லாம் அப்பா வீட்டில் வந்து சொல்லவே இல்லை. சாப்பாட்டு இலை போட்டு உங்களைக் கூப்பிட்டபோது, "கிணத்துக்குள்ள இறங்குன ஆளு இன்னும் மேல வரல. அவரு ஏறி வரட்டும், பொறவு சேந்து சாப்பிடுதோம்" என்று சொன்னீர்களாம். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பட்டாளத்துக்காரருக்கு அது போதும். "ஒரு பையனப் பாத்துட்டு வாரேன்" என்று நடுவீட்டில் உட்கார்ந்து அறிவித்தார். என் சித்தப்பா, அரசாங்க ஆபீஸில் இருந்தவர், "என்ன படிச்சிருக்கான்?" என்று கேட்டார். "ஐ.டி.ஐ. மோட்டார் வைண்டிங் பண்ணுதான்." சித்தி முகத்தைச் சுருக்கினாள். எரிந்துபோன மோட்டாரில் கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை என்று அப்பா விளக்கப் போய், சித்தி முகம் இன்னும் சுருங்கியது.

சித்தப்பாவும் கெட்டவர் இல்லை. அண்ணன் முடிவு பண்ணிவிட்டால் மறுபேச்சு இல்லை என்று தெரியும். அதனால் அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். ஊரெல்லாம் "மாப்ள இராஜபாளையத்துல மோட்டார் கம்பெனி வச்சிருக்காரு" என்று சொல்லிவைத்தார். உங்கள் கடையில் அப்போது ஒரு முக்காலியும் ஒரு காலண்டரும்தான் இருந்தன என்பது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்.

பத்திரிகை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அச்சு. எழுதிக் கொடுத்தது சித்தப்பா. அடித்து வந்த கட்டைப் பிரித்தால், என் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி., பி.எட். சரியாக இருந்தது. உங்கள் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று இருந்தது. சித்தப்பா சத்தியமாக எழுதிக் கொடுக்கவில்லை. அச்சகத்துக்காரர் தானாகப் போட்டது. "பொண்ணு எம்.எஸ்ஸி., மாப்ள கம்பெனி வச்சிருக்காரு. அவரு பேருக்குப் பின்னால ஒண்ணுமே இல்லையே, எழுத மறந்துட்டீங்கன்னு நானே சேத்துட்டேன்" என்றாராம். எங்கள் ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு. சித்தப்பாவுக்கோ கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த சந்தோஷம்.

உங்கள் வீட்டுப் பத்திரிகைக் கட்டை வாங்கிப் போக நீங்கள் வந்தீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒரு பத்திரிகையை எடுத்துப் படித்தீர்கள். முதலில் என் பெயரைப் படித்து லேசாகச் சிரித்தீர்கள். பிறகு உங்கள் பெயருக்கு வந்தீர்கள். சிரிப்பு போய்விட்டது.

"மாமா, ஒரு பேனா இருக்குமா?"

அப்பா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நீங்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பி.இ.யை ஒரே கோடாக அடித்து, அதற்கு மேலே மோட்டார் வைண்டர் என்று எழுதினீர்கள். அடுத்த பத்திரிகையை எடுத்தீர்கள்.

சித்தப்பா பதறிப்போனார். "விடுங்க மாப்ள, ரெண்டு எழுத்துதான. யாரு வந்து சர்டிபிகேட்டக் காட்டுன்னு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாக சின்ன மாமா. ஆனா நான் இந்தப் பேரச் சொல்லிக்கிட்டுத்தான தெனம் கடை திறக்கணும்."

சித்தி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "கல்யாணப் பத்திரிகையில அடிச்சு எழுதலாமா? அபசகுனம்!" சித்தப்பா தோளில் கிடந்த துண்டை உதறினார். "அடிச்ச பத்திரிகைய நான் ஒருத்தன் கையிலயும் குடுக்க மாட்டேன். அம்புட்டுப் பெரிய ரோஷக்காரருக்கு நம்ம பிள்ள வேண்டாம். அண்ணே, இந்தக் கல்யாணத்த இத்தோட விட்டிரு."

நீங்கள் எழுதுவதை நிறுத்தினால் கல்யாணம் நடக்கும். நிறுத்தாவிட்டால் நின்றுபோகும். பெண்ணாகப் பிறந்தவள் நிறுத்தச் சொல்லித்தானே சாமியைக் கும்பிட வேண்டும்? நான் நிறுத்திவிடக் கூடாதே என்று கும்பிட்டேன். இந்த மனுஷன் நிறுத்தாமல் இருக்க வேண்டும், எனக்கும் வாய்க்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டேன்.

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டினார். அலமாரியிலிருந்து இன்னொரு பேனாவை எடுத்தார். உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கட்டை மடியில் வைத்துக்கொண்டார். "கோடு நேராப் போடுங்க மாப்ள. அடிக்கதே அடிக்கோம், சுத்தமா அடிப்போம்" என்றார்.

அதற்குப் பிறகு கதவுக்குப் பின்னால் நிற்க எனக்கு என்ன கேடு? நானும் வந்தேன். உங்கள் கையிலிருந்த பேனாவை வாங்கினேன். "எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு. நீங்க அடிங்க, நான் எழுதுதேன்." நான் உங்களிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்றைக்கு மோட்டார் வைண்டர், மோட்டார் வைண்டர் என்று எழுதி எழுதி என் விரல் வீங்கியது. சித்தப்பா கோபித்துக்கொண்டு போனார். கல்யாணத்துக்கு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டாந்தரம் கேட்டு வாங்கியவரும் அவர்தான்.

பட்டத்தை நீங்கள் வெறுத்தீர்கள் என்றுதான் எங்கள் ஊரில் நினைத்தார்கள். எனக்கல்லவா தெரியும் உங்கள் கூத்து! கல்யாணமான அடுத்த மாதம் கடைக்குள் நுழைந்தால், முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவில் என் எம்.எஸ்ஸி. பட்டம் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அதற்கும் சேர்த்து ஊதுபத்தி. எனக்கு மானம் போயிற்று. "எந்த ஊர்க் கடையிலயாவது பொண்டாட்டி பட்டத்த மாட்டி வப்பாங்களா?" என்று கத்தினேன். நீங்கள் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. "மாட்டாதவனுக்கு அப்படி ஒரு பொண்டாட்டி இல்ல" என்றீர்கள்.

வருகிற ஆள் ஒருவர் பாக்கியில்லாமல் அதைக் காட்டினீர்கள். பஞ்சு மில்லிலிருந்து மோட்டார் கொண்டு வருகிறவர், பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரர், தென்னந்தோப்புக்காரர், எல்லாரும் காத்திருக்கிற நேரத்தில் என் பட்டத்தைப் படித்தாக வேண்டும். "மோட்டார் எப்படி ஓடும்னு எனக்குத் தெரியும், ஏன் ஓடுதுன்னு எங்க டீச்சருக்குத் தெரியும்" என்பீர்கள். நான் வகுப்பில் நடத்திய பாடத்தை வீட்டில் வந்து உங்களுக்குச் சொன்னால், தட்டில் சோறு காய்வது தெரியாமல் கேட்பீர்கள். மறுநாள் அதையே யாராவது தோப்புக்காரருக்கு நடத்துவீர்கள். பாதி தப்பாக நடத்துவீர்கள். படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், திருத்த மாட்டேன்.

ஆனால் குடும்பத்தை ஓட்டியது எது என்று கேட்டால் எனக்கு வேறு கணக்கு. என் பள்ளிக்கூடத்தில் சம்பளம் என்று ஒன்று கொடுத்தார்கள். அதை வாங்கி வருகிற அன்று பஸ்ஸில் கைப்பையை இறுக்கிப் பிடிக்கவே கூச்சமாக இருக்கும். கோடை வந்தால் கிணற்று மோட்டார்கள் வரிசையாக எரியும், உங்கள் கடை நிரம்பும். ஊரடங்கில் எங்கள் பள்ளி பாதிச் சம்பளத்தோடு நிறுத்திக்கொண்டபோது அடுப்பு எரிந்தது உங்கள் வார்னிஷ் டப்பாவால்தான். மழைக்காலத்தில் நீங்கள் ஈ ஓட்டுவீர்கள், அப்போது என் சம்பளம் பால்காரருக்கு முகம் கொடுக்கும். இப்படி இரண்டு பேரும் மாறி மாறித் தள்ளினோம். இருந்தாலும் எது பலமாகத் தள்ளியது என்று எனக்குத் தெரியும்.

கோமு பிளஸ் டூ முடித்ததும் நமக்குள் நடந்த சண்டை நினைவிருக்கிறதா? பட்டம் வாங்கிய நான் சொன்னேன், பட்டம் வேண்டாம், அவளுக்கு மோட்டார் வேலை பிடித்திருக்கிறது, உங்களை மாதிரி ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டுக் கடையில் உட்கார வைப்போம் என்று. கம்பி சுற்றிய நீங்கள் சொன்னீர்கள், அவள் இன்ஜினியருக்குத்தான் படிக்க வேண்டும் என்று. கேட்டவர்கள் எல்லாம் யார் எந்தப் பக்கம் என்று குழம்பினார்கள்.

உங்களோடு சண்டை போட எனக்கு ஒரு நல்ல நேரம் தெரியும். கைப்பிடியைத் திருப்பி மோட்டாருக்கான கம்பிச் சுருளை, உங்கள் பாஷையில் காயிலை, சுற்றும்போது சுற்றுகளை மனசுக்குள் எண்ணுவீர்கள். ஒன்று கூடக் கூடாது, ஒன்று குறையக் கூடாது. அப்போது யார் கூப்பிட்டாலும் இடது கை ஆள்காட்டி விரல் மேலே எழும். பொறு என்று அர்த்தம். வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும். அந்த நேரம் பார்த்துக் கீழே வந்து, சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்து, நீங்கள் எண்ணி முடிப்பதற்குள் மாடி ஏறிவிடுவேன். பல வருஷம் நான் ஜெயித்ததெல்லாம் அப்படித்தான்.

அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தேன். "என் படிப்பு என்ன கிழிச்சிருச்சு? வகுப்பெடுத்துத் தொண்டை போனதுதான் மிச்சம். பிள்ளைக்குக் கையில ஒரு தொழில் இருந்தா ஒருத்தன்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்" என்றேன். விரல் எழவில்லை. நீங்கள் கைப்பிடியை விட்டீர்கள். சுற்றிய கம்பி தளர்ந்து சரிந்தது. எண்ணிக்கை நடுவில் நீங்கள் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

"டீச்சர், நீங்க நிக்க வேண்டாம்னு சொல்லுதீங்க. நான் தெனம் நிக்கேன். மில்லுக்கு மோட்டார் பாக்கப் போனா, வேலை தெரிஞ்சவன்னு உள்ள விடுவான். உக்காரச் சொல்ல மாட்டான். நேத்து வந்த பையன் டை கட்டிக்கிட்டு நாற்காலியில இருப்பான், நான் நின்னுக்கிட்டே என்ன கோளாறுன்னு அவனுக்குச் சொல்லணும். என் முதுகப் பாருங்க. பொழுதன்னிக்கும் குனிஞ்சு குனிஞ்சு இது இனிமே நிமிராது. லீவு கிடையாது, பென்சன் கிடையாது, காய்ச்சல்னு படுத்தா கடை பூட்டு. என் பிள்ள வேலையும் தெரிஞ்சிருக்கட்டும், நாற்காலியிலயும் இருக்கட்டும்."

என்னைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்று வணங்கினார்கள், சம்பளம்தான் தரவில்லை. உங்களுக்குக் காசு தந்தார்கள், நாற்காலி தரவில்லை. அவரவருக்குக் கிடைக்காததைத்தான் இரண்டு பேரும் பிள்ளைக்குக் கேட்டோம் என்று பிறகு யோசித்தபோது தோன்றியது. அன்றைக்கு நான் எதுவும் யோசிக்கவில்லை. சரிந்த கம்பியை நீங்கள் திரும்ப முதலிலிருந்து சுற்ற ஆரம்பிக்க, நான் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள்தான் ஜெயித்தீர்கள். கோமு பி.இ. எலக்ட்ரிக்கல் முடித்தாள், சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் போடும் வேலைக்குப் போனாள். நாற்காலி கிடைத்துவிட்டது. அதுவும் சுழலுகிற நாற்காலி. நீங்கள் அதன் போட்டோவைக் கேட்டு வாங்கிக் கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்டினீர்கள். பிறகு உங்களுக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்தது. லீவு போட்டு வந்தவள் கடையைத் திறந்து உட்கார்ந்தாள். லீவு முடிந்தும் போகவில்லை. "அங்க நாள் பூரா மோட்டார் படத்தப் போடுதேன்ப்பா. ஒண்ணு கூட என் முன்னால ஓடல" என்றாள்.

உங்களுக்கு வந்ததே கோபம்! "ஏட்டி, உன்ன இன்ஜினியருக்குப் படிக்க வச்சது இங்க வந்து கம்பி சுத்தவா?" என்று கட்டிலில் படுத்தபடி கத்தினீர்கள். டாக்டர் கத்தக் கூடாது என்று சொன்னது உங்களுக்கு மறந்துவிட்டது. அவளோடு பேசாமல் இருந்தீர்கள். தெருவில் உள்ளவர்கள் வேறு, படித்த படிப்பு வீணாகப் போச்சே என்று என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் குளிர்ந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை, அதற்கு என்னைப் பாராட்ட வேண்டும்.

மில்லில் ஒரு பெரிய மோட்டார் எரிந்துபோய், உங்களைக் கூப்பிட ஆள் வந்தது. நீங்கள் போக முடியாது. கோமு போனாள். சாயங்காலம் திரும்பி வந்தவளிடம் நீங்கள் அத்தனை நாள் மௌனத்தை முறித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி மோட்டாரைப் பற்றி அல்ல. "உக்காரச் சொன்னானா?"

"சொன்னாங்கப்பா. எங்க படிச்சீங்கன்னு கேட்டாங்க. காப்பி குடுத்தாங்க."

நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். தோள் குலுங்கியது. நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பார்த்தேன்.

அந்த வாரமே பெயிண்டரைக் கூட்டி வந்து கடைப் பலகையில் எழுதச் சொன்னீர்கள். உரிமையாளர்: கோமதி, பி.இ. எழுத்து சின்னதாக இருக்கிறது என்று பெயிண்டரோடு சண்டை போட்டு, பி.இ.யைப் பெரிதாக்கினீர்கள். சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று, இடுப்பில் கை வைத்து, பஸ் போகிற வரை காத்திருந்து காத்திருந்து பார்த்தீர்கள். உங்கள் பெயருக்குப் பின்னால் வேண்டாம் என்று நீங்கள் அடித்த அதே எழுத்து. அது யாருடையதோ அவளுக்கு வந்து சேர்ந்ததும் உங்களுக்கு எவ்வளவு ஆசை! அன்றைக்கு உங்களைப் பார்த்ததில் எனக்கு வந்த கர்வத்தை வேறெதிலும் நான் அடைந்ததில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் இரண்டாவது தடவை வலி வந்தது, உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன்.

இப்போதெல்லாம் இரண்டு வீட்டாரும் தனித்தனியாகப் பத்திரிகை அடிக்கிறார்கள். சம்பந்தி போன் பண்ணினார். நல்ல மனுஷன், ஆபீஸில் சூப்பரிண்டெண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "பொண்ணு பேருக்குப் பின்னால பி.இ.ன்னு மட்டும் போடுவோம். வைண்டிங், கடை அதெல்லாம் பத்திரிகையில வேண்டாம். கல்யாணத்துக்குப் பொறவு கடைய யாருக்காவது வாடகைக்கு விட்டிரலாமே" என்றார். கோமு என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப இந்த இடம் வேண்டாம்மா" என்றாள். குரல் உயரவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு பேனா கிடைத்தது, எனக்கு என்ன கிடைக்கும்? சேலையை மாற்றினேன், அவளையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

பால்கோவா வாங்கிப் போகவில்லை. சண்டைக்குப் போகும்போது இனிப்பு எதற்கு? ஆனால் அவர்கள் வீட்டில் எங்களுக்குப் பால்கோவாதான் வைத்தார்கள். சம்பந்தி தயங்கித் தயங்கித்தான் பேசினார். "எங்க சொந்தத்துல எல்லாரும் ஆபீஸ் உத்தியோகம். பொண்ணு கையில கறையோட வந்து நின்னா நாலு பேரு என்ன சொல்லுவாக?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோமு திறந்துவிட்டாள். "மாமா, கல்யாணத்தன்னைக்கு ரெண்டு கையிலயும் மருதாணி வச்சிக்கிடுவேன். கறை தெரியாது."

சம்பந்தியம்மா வாயைப் பொத்திச் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல் எழுந்து உள்ளே போனார். சம்பந்திக்குச் சிரிக்கவா கோபப்படவா என்று தெரியவில்லை. அதுவரை சுவரோரம் நின்ற மாப்பிள்ளை அப்போதுதான் பேசினான். "அப்பா, பொண்ணு பாக்கதுக்கு முந்தியே நான் கடைக்குப் போயிருந்தேன். யாருன்னு கூடக் கேக்காம ஒரு விரலத் தூக்கிக் காட்டி வாசல்லயே என்னைய நிப்பாட்டிட்டா. எண்ணி முடிச்ச பொறவுதான் நிமிந்தா. அத வச்சுத்தான் நான் சரின்னு சொன்னேன். கடை வேண்டாம்னா, நான் பாத்த பொண்ணே இது இல்லப்பா."

அந்த விரல்! எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நான் பால்கோவாவை எடுத்து வாயில் போட்டுச் சமாளித்தேன். பிறகு நம் பத்திரிகைக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். என் அப்பா கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்த இடம் வந்ததும் சம்பந்தி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் அவர் சொன்னது இதுதான்: "கடை இருக்கட்டும். அவ போயிட்டு வரட்டும், பஸ்ஸுல செத்த நேரம்தான. ஆனா எங்க பத்திரிகையில பி.இ. மட்டும்தான் போடுவேன். எங்க ஆளுக அப்படி. உங்க பத்திரிகையில நீங்க எது வேணாலும் போடுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் கோமு கேட்டாள், "பாதிதானம்மா ஜெயிச்சோம்?" என்று. "உங்க அப்பாகிட்ட நான் முழுசா ஜெயிச்சதே இல்ல. பாதி கிடைச்சாலே பெருசு" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தலைமுடியில் வார்னிஷ் வாசம் அடித்தது.

படிப்பா தொழிலா, எது சோறு போடும் என்று இன்றும் என்னிடம் பிளஸ் டூ பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து கேட்கிறார்கள். டீச்சராயிற்றே, தெரியும் என்று நினைக்கிறார்கள். நான் அவர்களைக் கீழே கடைக்குக் கூட்டிப்போகிறேன். சுவரில் இப்போது இரண்டு பட்டம் தொங்குகிறது, என்னுடையதும் கோமுவுடையதும், நடுவில் உங்கள் படம். கீழே அவள் முக்காலியில் குனிந்திருப்பாள். குனியாதே, முதுகு போய்விடும் என்று உங்களுக்காக ஒரு தடவை, எனக்காக ஒரு தடவை திட்டுவேன். முதுகுக்குச் சாய்மானம் வைத்த நாற்காலி ஒன்றும் வாங்கிப் போட்டிருக்கிறேன். வந்தவர்கள் பார்த்துவிட்டு அவரவர் முடிவுக்குப் போகிறார்கள். என்னிடம் வேறு பதில் இல்லை.

பத்திரிகையைப் பிழை பார்த்து முடித்துவிட்டேன். கோமு பெயருக்குப் பின்னால், பி.இ., மோட்டார் வைண்டர். நேற்று அச்சகத்திலிருந்து அந்தத் தம்பி போன் பண்ணி ஒரு சந்தேகம் கேட்டான். "பொண்ணோட அம்மா பேருக்குப் பின்னால எம்.எஸ்ஸி., பி.எட். இருக்கு. அப்பா பேருக்கு முன்னால தெய்வத்திரு போட்டாச்சு. பின்னால ஒண்ணுமே இல்லையே, எழுத மறந்துட்டீங்களா டீச்சர்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரும் மாறவில்லை, அச்சகமும் மாறவில்லை. "நல்ல வேளை கேட்டீங்க தம்பி, நீங்களா எதையும் சேத்துராதீங்க" என்று சொல்லி, போட வேண்டியதை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அன்றைக்கு உங்கள் பெயருக்குப் பின்னால் விரல் வீங்க வீங்க நான் கையால் எழுதியதுதான். இப்போது அச்சில் இருக்கிறது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

முதல் பத்திரிகை அடித்து வந்ததும் மஞ்சள் தடவிச் சாமிக்கு வைப்பார்கள். நான் இந்த மாதிரிப் பிரதிக்கே நாலு மூலையிலும் மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு கீழே போனேன். கோமு காயில் சுற்றிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் விரல் எழுந்தது. உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாய்க்குள்ளேயே உங்களுக்குப் படித்துக் காட்டினேன். சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.